மனவெழுச்சி நுண்ணறிவு, சமூக ஆதரவு, மகிழ்ச்சி: இறுதியாண்டு ஆய்வுக்கு வினாக்கொத்தைத் தமிழில் எப்படித் தயாரிப்பது?

நீங்கள் இலங்கையின் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமா, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமா தெரியாது. எங்கே என்றாலும் தலைப்புக்கு மேற்பார்வையாளர் தலையாட்டியிருப்பார், ஆங்கில வினாக்கொத்து மூன்றை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பீர்கள்.

மனவெழுச்சி நுண்ணறிவுக்கு ஷுட் குழுவினரின் 1998 அளவுகோலை எடுங்கள். 33 கூற்றுகள், 1 முதல் 5 வரை. 5, 28, 33ஆம் கூற்றுகளுக்குப் புள்ளியைத் திருப்பிப் போட வேண்டும் (1க்கு 5, 2க்கு 4 என்று). மறந்தால் அல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பக எண்) இறங்கும், பழி நிரப்பின பிள்ளைகளில் விழும். மகிழ்ச்சிக்குப் பலர் டீனரின் ஐந்து கூற்றுகளை எடுக்கிறார்கள். அவை அளப்பது வாழ்க்கைத் திருப்தியை, வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) பிடித்துவிடுவார்கள். லியுபோமிர்ஸ்கி, லெப்பர் 1999இல் தந்த நான்கு கேள்விகள் போதும். அதில் நான்காவதைத் திருப்ப வேண்டும்.

தலையிடி சமூக ஆதரவில்தான். சிமெட் குழுவினரின் 1988 அளவுகோலில் 12 கூற்றுகள், 1 முதல் 7 வரை: குடும்பத்துக்கு 4, நண்பருக்கு 4, 'ஸ்பெஷல் பேர்சன்' ஒருவருக்கு 4 (1, 2, 5, 10). இதை 'விசேடமான ஒருவர்' என்று பெயர்த்தால் நம்முடைய பிள்ளைகளுக்குக் காதல்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் ரூம்மேட் இருந்தால் ஒருத்தி வெட்கத்தில் 1 போடுவாள், ஒருத்தன் பகிடிக்கு 7 போடுவான். 'எனக்கு மிக வேண்டிய ஒருவர்' என்று போட்டு, அவர் யாராகவும் இருக்கலாம் என்று அறிவுறுத்தலில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். மாதிரியில் வராத 20, 30 பேரிடம் நிரப்பிப் பாருங்கள். அதில் ஐந்து பேரையாவது ஒவ்வொரு கூற்றும் என்ன கேட்கிறதென்று தங்கள் சொல்லில் சொல்ல வையுங்கள். பிழை அங்கேதான் வெளிப்படும்.

புள்ளிவிபரக்காரர் சண்டைக்கு வரவேண்டாம். காரணிப் பகுப்பாய்வு (தமிழிலும் கூற்றுகள் அதே பிரிவுகளாகச் சேர்கின்றனவா என்ற கணிப்பு) வேண்டும் என்று எனக்கும் தெரியும். இது இளமாணி ஆய்வு.

விடுதியா, அக்கரைப்பற்று கல்முனையிலிருந்து தினம் வந்து போகிறவரா என்றும் கட்டாயம் கேளுங்கள். பரீட்சைக் கிழமையில் தாள் கொடுக்காதீர்கள்.

கேட்காத விஷயம், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை: பீடத்தில் 500 பேர் இருந்தாலும் மாதிரி 384 என்று எழுதுகிற பழக்கம். மொத்த ஆட்தொகைக்கு எத்தனை பேர் மாதிரி வேண்டும் என்று சொல்லும் கிரெஜ்சி, மோர்கனின் 1970 அட்டவணையில் 500க்கு 217, 1000க்கு 278. அதைத் திறந்து பார்க்கக்கூட ஆட்களுக்கு நேரமில்லை.

தாளில் பெயர் கேட்காதீர்கள். பெயர் இல்லாவிட்டால், மனம் உடைந்து எல்லாவற்றுக்கும் 1 போட்ட பிள்ளையைப் பிறகு தேடிப்பிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐ அச்சடித்துவிடுங்கள்.