கசிவு தேடுவதும் இயற்பியல்தான் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். துகள் இயற்பியல் என்றதும் பெருமையாக இருந்தது. விவரம் கேட்டால், துகளைக் கண்டுபிடிக்கும் வேலை இல்லையாம், அதைப் பிடித்துக் காட்டும் டிடெக்டர் என்ற கருவி செய்யும் வேலையாம். நாளெல்லாம் வாயு நிரப்பிய பெட்டியில் கசிவு தேடுகிறாளாம். பேர் யாருக்கோ போய்விடும், இவள் மெக்கானிக்காகவே நின்றுவிடுவாளோ என்று வீட்டில் கவலை. இதனால் வயலுக்கு ஏதாவது உண்டா என்று தம்பி கேட்கிறான். உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புள்ள ஐயா,

முதலில் வீட்டாரின் கவலை. இந்தத் துறையில் கண்டுபிடிப்பவர் ஒருவர், கருவி செய்பவர் வேறொருவர் என்று பிரிக்க முடியாது. துகளின் தடத்தை மேகக் கோடாகக் காட்டிய வில்சனுக்கு 1927-ல் நோபல் பரிசு. கொதிநிலைத் திரவத்தில் குமிழி வரிசையாகக் காட்டிய கிளேசருக்கு 1960-ல். நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை இழுத்துக் கட்டிய வாயுப் பெட்டிக்காக ஜார்ஜ் ஷார்ப்பாக்குக்கு 1992-ல். மூன்றுமே டிடெக்டருக்குக் கிடைத்த பரிசுகள். ஷார்ப்பாக் 1968-ல் அந்தப் பெட்டியைச் செய்வதற்கு முன், கிளேசரின் குமிழிக்கலத்தில் எடுத்த படங்களை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய கம்பிகள் மின்துடிப்பாகவே பதில் சொல்லின. அதனால்தான் நொடிக்கு ஆயிரக்கணக்கில் துகள்களைப் பதிய முடிந்தது. அரிய நிகழ்வுகளைத் தேடும் இயற்பியல் அதற்குப் பிறகுதான் இந்த அளவுக்கு வளர்ந்தது.

சரி, கசிவுக்கு வருகிறேன். உங்கள் தம்பி மகள் நாளெல்லாம் செய்வது என்ன என்று வீட்டில் விளக்க இது உதவும்.

வானத்திலிருந்து மியூவான் என்னும் மின்னூட்டமுள்ள துகள் நம் மேல் ஓயாமல் விழுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. அது ஆர்கான் வாயுவில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் நூறு எலக்ட்ரான் அளவுக்கு உதிர்த்துவிட்டுப் போகும். நூறு எலக்ட்ரானை எந்த மின்சுற்றும் லேசில் கவனிக்காது. ஆகவே பெட்டிக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய கம்பி கட்டி, அதில் உயர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். கம்பியை நெருங்கும் எலக்ட்ரான் வேகம் பிடித்து வழியில் உள்ள அணுக்களை மோத, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பல்லாயிரமாகப் பெருகிவிடும். அப்புறம் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பெருக்கத்தில் புற ஊதா ஒளியும் பிறக்கிறது. அது பெட்டியின் சுவரில் பட்டுப் புதிய எலக்ட்ரான்களைக் கிளப்பினால் மின்பாய்ச்சல் அடங்கவே அடங்காது. அந்த ஒளியை விழுங்குவதற்காக 90 பங்கு ஆர்கானோடு 10 பங்கு மீத்தேன் சேர்ப்பது வழக்கம். மீத்தேன் என்றதும் நமக்கு மன்னார்குடித் திட்டமும் அதை எதிர்த்து உட்கார்ந்த கிராமங்களும்தான் நினைவுக்கு வரும். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். இங்கே வேண்டியது குழாய்க்குள் அடைக்கும் கொஞ்சம் வாயு, அவ்வளவுதான்.

இந்தக் கலவைக்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலும் போதும், அதிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துடிப்பு சிறுத்துவிடும். எண்ணிக்கை மெல்லக் குறையும். குறைந்தது வானத்திலா, பெட்டியிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712, நான் சொன்ன அதே கலவையோடு மியூவான்களை எண்ணுகின்றன. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே ஒரு இடிமேகம் நின்றபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அதை வைத்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். வெறும் 2 சதவீதம்! குழாய்களில் கசிவோ வாயு அழுத்தத்தில் ஏற்ற இறக்கமோ இருந்திருந்தால் இதை மேகத்தின் வேலை என்று தைரியமாகச் சொல்லியிருக்க முடியுமா? அந்த முடிவில் பாதி, குழாயை மூடியவர்களுடையது.

புதிய டிடெக்டர் எதற்கு என்றால், பழையவை போதாத இடம் வந்துகொண்டே இருக்கிறது. கம்பிகளுக்குப் பதிலாக, நுண் துளைகள் நிறைந்த மெல்லிய தாளை 1997-ல் சவுலி கொண்டுவந்தார். அந்த வகை டிடெக்டர்களை ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் சோதனைக்காக நம் நாட்டு ஆய்வகங்களிலும் செய்தார்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வாயு செலுத்தும் இன்னொரு வகையில், கார் ஏசியில் போடும் ஆர்-134ஏ வாயு முக்கியப் பங்கு. அது பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால் மாற்றுக் கலவை தேடும் ஆராய்ச்சி இப்போது தீவிரமாக நடக்கிறது. மதுரையில் நியூட்ரினோ என்னும் துகளை ஆராய்வதற்காக 85 டன் இரும்புக் காந்தத்தோடு செய்த மாதிரிக் கருவியில் இந்தக் கண்ணாடி வகையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. வயலுக்கு உண்டு.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மண்ணிலும் காற்றிலும் வேகமான நியூட்ரான்களை உண்டாக்குகின்றன. நியூட்ரானும் ஹைட்ரஜன் அணுக்கருவும் ஏறக்குறைய ஒரே எடை. ஒரே அளவுக் கோலிக்குண்டு இரண்டு மோதினால் அடித்தது நின்றுவிடுகிற மாதிரி, நீரிலுள்ள ஹைட்ரஜனில் பட்ட நியூட்ரான் வேகம் இழந்துவிடும். ஆகவே மண் ஈரமாக இருந்தால் தரைக்கு மேலே வைத்த கருவியில் வேகமான நியூட்ரான்களின் எண்ணிக்கை குறையும், காய்ந்தால் கூடும். 2008 வாக்கில் தொடங்கிய இந்த முறை இப்போது பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. சுற்றிலும் 150 மீட்டர் வரை உள்ள ஈரத்தின் சராசரியை ஒரே கருவி சொல்லிவிடும். நம் கணக்கில் இரண்டரை வேலி. நீர் நிற்கும் சம்பா வயலில் இது உதவாது. ஆனால் அறுவடைக்குச் சில நாள் முன்பு மெழுகுப் பதத்தில் உளுந்து தெளிக்கிறோமே, அப்புறம் தை, மாசியில் மிச்ச ஈரத்தை நம்பியே அந்தப் பயிர் நிற்கிறதே, அங்கே இது எவ்வளவு பெரிய துணை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தடை விலைதான். நியூட்ரானைப் பிடிக்க மிகச் சிறந்தது ஹீலியம்-3 வாயு. அணு ஆயுதங்களுக்காகச் செய்த டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் சிதைந்துதான் அது பெருமளவில் கிடைக்கிறது. துறைமுகப் பாதுகாப்புக் கருவிகளுக்கு அது அதிகம் தேவைப்பட்டதும் தட்டுப்பாடு வந்துவிட்டது. மாற்றாகக் குழாயின் உட்சுவரில், நியூட்ரானைப் பிடிக்கும் போரான்-10 பூசுகிறார்கள். பூச்சு கனமானால் நியூட்ரான் சிக்கும், ஆனால் அதனால் பிறக்கும் துகள்கள் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடும், வாயுவுக்கு வராது. மெல்லியதானால் நியூட்ரான் சிக்காமல் போய்விடும். சில மைக்ரான்களுக்குள் நடக்கும் இழுபறி இது. இதை மலிவாகத் தீர்ப்பவர் உளுந்து வயலுக்குக் கருவி கொடுத்தவர் ஆவார். அது உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம், மனதாரச் சொல்கிறேன்.

வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். கல்பாக்கத்தில் அணு உலைக்கு நியூட்ரான் எண்ணும் கருவி அன்றாடத் தேவை. மருத்துவமனைகளின் பெட் ஸ்கேன் கருவி முழுக்கவே துகள் டிடெக்டர்தான். உயர் மின்னழுத்தம், வெற்றிடம், மின்சுற்று, தரவு எல்லாவற்றிலும் கை பழகிய ஒருவரை வேண்டாம் என்று சொல்லும் ஆய்வகம் குறைவு. படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுத்து அவரை அவசரப்படுத்தாதீர்கள் என்று மட்டும் தம்பியிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.