முதலில் பீரோவைத் திறங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. மனைவி குவைத்தில் நர்ஸ். போய் ஒரு வருஷம் ஆகிறது. மகளைத் தூங்க வைக்க உருமாறும் பிராணிகளின் கதைகளைச் சொல்கிறேன். கிட்சுனே, செல்கி, கெல்பி, கூமிஹோ என்று பெயர்கள் குழப்புகின்றன. எல்லாவற்றையும் 'பேய்' என்றே சொல்லிவிடலாமா? அவள் திரும்பத் திரும்பக் கேட்பது கடல்நாய்ப் பெண்ணின் கதையைத்தான். பாதி ராத்திரியில் எழுந்து அழுகிறாள். பேய்க்கதைதான் காரணம் என்கிறார் என் அம்மா. மனைவியின் புடவைகளைப் பார்த்தாலும் அழுவதால் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். கதையை நிறுத்திவிடவா?
— திருப்பூர் வாசகர்

பதில்: கதையை நிறுத்த வேண்டாம். பீரோவைத் திறங்கள்.

புடவை விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் வழங்கும் செல்கி கதை. கரையேறித் தோலைக் கழற்றினால் கடல்நாய் பெண்ணாகிவிடும். ஒருவன் அந்தத் தோலை ஒளித்துவைத்து அவளைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைகள் பிறக்கின்றன. தோல் பெட்டியிலோ கூரை இடுக்கிலோ கிடக்கிறது. அதைக் கண்டுபிடித்து அம்மாவிடம் சொல்வது, பல ஊர் வழக்கில், அவள் பெற்ற பிள்ளையேதான். தோல் கைக்கு வந்ததும் அவள் கடலுக்குப் போய்விடுகிறாள்.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா கடல் தாண்டிப் போயிருக்கிறாள், அவள் உடுப்பை அப்பா பூட்டி வைத்திருக்கிறார். இந்தக் கதையை உங்கள் மகள் விடாமல் கேட்காமல் வேறு எதைக் கேட்பாள்? அம்மா வருவாளா என்று உங்களிடம் நேராகக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

அழுதால் அழட்டும். மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பது தகப்பன் கடமை. புடவையைப் பூட்டியது உங்கள் சௌகரியத்துக்கு. வீட்டுக்காக அந்நிய ஊரில் ராத்திரி ட்யூட்டி பார்க்கும் பெண்ணின் அடையாளத்தை அவள் வீட்டிலேயே மறைப்பது நியாயமே இல்லை. ஒரு பழைய நூல் புடவையை எடுத்து மகளுக்குப் போர்த்திவிடுங்கள். செல்கி கதையை இனி மனைவி போனில் சொல்லட்டும். ஷிப்ட் பட்டியல் கையில் வந்த பிறகே நாளும் நேரமும் மகளிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு போன் வராவிட்டால் பயம் இரட்டிப்பாகும். கதையின் முடிவை மாற்ற வேண்டாம். போன பிறகும் கரையோரம் வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகும் செல்கியும் அந்தத் தீவுக் கதைகளில் உண்டு. அதைச் சொல்லச் சொல்லுங்கள். லீவில் வரும் மாதத்தை காலண்டரில் மகள் கையாலேயே வட்டமிட வையுங்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் 'பேய்' என்றால் கதையே செத்துப்போகும். சிலப்பதிகாரத்தில் கோவலன் முன்னால், மாதவியின் தோழி வயந்தமாலையின் வடிவில் வந்து நின்றதை இளங்கோ 'பேய்' என்று சொல்லவில்லை, 'கானுறை தெய்வம்' என்கிறார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு விதி இருக்கிறது, பிள்ளைக்கு ருசி அதில்தான். ஜப்பானின் கிட்சுனே நரி. வயது ஏற ஏற வால் பெருகி ஒன்பது வரை போகும். மனித வேஷத்தில் இருக்கும்போது வால் எட்டிப் பார்த்தாலோ நாய் மோப்பம் பிடித்தாலோ குட்டு உடைந்துவிடும். அமேசான் ஆற்றின் போத்தோ, இளஞ்சிவப்பு டால்பின். ஜூன் மாதத் திருவிழாவுக்கு வெள்ளை உடையில் வாலிபனாக வந்து, தலையிலுள்ள மூச்சுத்துளையைத் தொப்பியால் மறைத்துக்கொள்ளும். மலாய் நாட்டு ஹரிமாவ் ஜடியன் என்னும் மனிதப் புலிக்கு, மூக்குக்குக் கீழே மேலுதட்டில் நமக்கு இருக்கும் பள்ளம் இருக்காதாம். மகளைத் தன் உதட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்தின் கெல்பியைப் பகலில் மட்டும் சொல்லுங்கள். நீர்க்கரையில் நிற்கும் அந்தக் குதிரையைத் தொட்ட கை ஒட்டிக்கொள்ளும், அப்படியே தண்ணீருக்குள் இழுத்துப் போகும். பிள்ளைகளை நீர்நிலைப் பக்கம் அண்டவிடாமல் வைக்க உதவிய கதை, அதனால் பயம் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். கொரியாவின் கூமிஹோ என்னும் ஒன்பது வால் நரி மனித ஈரலைத் தின்னும்; அதற்கு மகளுக்குப் பத்து வயதாவது ஆகட்டும். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் தங்கள் உருமாறிகளைப் பற்றி வெளியாரிடம் பேசுவதையே தவிர்ப்பவர்கள். அந்தக் கதையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.