மழைக்காலமும் வளர்ப்பு விலங்குகளும்: கால்நடை மருத்துவரின் பதில்கள்

ரெட் அலர்ட் வந்தால் எங்கள் லயத்துக்காரர்கள் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) பள்ளிக்கூட முகாமுக்குப் போக வேண்டும். அங்கே நாயைச் சேர்ப்பதில்லை. இரண்டு நாள் சாப்பாடு வைத்து, கட்டிப்போட்டுவிட்டுப் போகலாமா?
*மூணாறு எஸ்டேட் வாசகி*

கூடாது, அம்மா. மண்ணோ வெள்ளமோ வரும்போது விலங்கு தானாகத் தப்பிக்க எடுக்கும் ஒரே முயற்சியையும் சங்கிலி தடுத்துவிடுகிறது. நாய் எங்கே போகும் என்பதை இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சரிவிலும் ஓடைக்கரையிலும் இல்லாத ஓர் உறவினர் வீடு இருந்தால் அதுவே நல்லது.

ஒரே நாளில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் ஆரஞ்சு எச்சரிக்கையும், அதற்கு மேல் என்றால் சிவப்பு எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. சிவப்பு வருவதற்குள் மலைச்சாலை அடைபட்டுவிடலாம் என்பதால், ஆரஞ்சு அறிவித்த அன்றே, பகல் வெளிச்சத்தில் நாயை அனுப்பிவிடுங்கள். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்தது இரவு நேரத்தில். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையில் சரிந்தது விடியலுக்கு முன். அந்த நேரத்தில் யாராலும் நாயைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முகாமில் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கடி பயமும் அசுத்தமும்தான். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, வாய்க்கூடு, கயிறு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றோடு பஞ்சாயத்து உறுப்பினரை இப்போதே பார்த்து, பள்ளியின் பின்திண்ணையை ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். பெட்டிமுடியில் தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் கண்டுபிடித்துக் கொடுத்த குவி என்ற நாயை மறக்காத ஊரில் இது நியாயமான கோரிக்கை என்றே நான் கருதுகிறேன். எதுவுமே முடியாமல் விட்டுச் செல்ல நேர்ந்தால், சங்கிலியைக் கழற்றி, கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் கைப்பேசி எண் அழியாத மையில் எழுதப்பட்ட கழுத்துப்பட்டை மட்டும் இருக்கட்டும்.

அவசரப் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?
*பீர்மேடு வாசகர்*

ஒரு வாரத்துக்கான உணவு, வழக்கமான மருந்து, தடுப்பூசி அட்டையின் நகல், நீங்களும் விலங்கும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் (காணாமல் போனால் உரிமையை நிறுவ உதவும்), குடிநீர். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்குக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். அவற்றை எப்படித் தயார் செய்வது?
*பந்தலூர் வாசகர்*

முதலில் உங்கள் கட்டுக்கயிற்றைப் பாருங்கள். மாடு மிரண்டு இழுத்தால் இறுகும் உருவாஞ்சுருக்கு கழுத்தை நெரித்துவிடும். கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழ்க்கக்கூடிய முடிச்சைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லோரும், குறிப்பாகப் பெரியவர்களும் பிள்ளைகளும், இருட்டில் அதை அவிழ்த்துப் பழக வேண்டும்.

தொண்டை அடைப்பான் தடுப்பூசி பலன் தர இரண்டு வாரமாவது ஆகும் என்பதால், மழைக்கு முன்பே மிருகாசுபத்திரியிலோ முகாமிலோ போட்டுவிடுங்கள். காதில் உள்ள 12 இலக்க அடையாளத் தோட்டின் எண்ணைக் குறித்து வைத்து, அது தெரியும்படி படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம். வைக்கோலைத் தரையில் அடுக்காமல் பரண்மேல் ஏற்றுங்கள். பூஞ்சை பிடித்த வைக்கோலை வீணாகிறதே என்று மாட்டுக்குப் போடாதீர்கள்.

பூனை ஆபத்து நேரத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. என்ன செய்வது?
*கொழிஞ்சாம்பாறை வாசகி*

கூண்டை இன்றே கூடத்தில் திறந்து வைத்து, அதனுள்ளேயே சோறு வையுங்கள். சில வாரங்களில் அது பூனையின் படுக்கையாகிவிடும். மழை வலுக்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டால் துரத்த வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்தபின் நாய் சேற்றில் அலைகிறது. எலிக்காய்ச்சல் வருமா?
*களியக்காவிளை வாசகர்*

வரும், நாயிடமிருந்து உங்களுக்கும் வரலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். நாயை நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்துங்கள். தடுப்பூசி முதலில் சில வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் சிறுநீரைக் கையுறை அணிந்து சுத்தம் செய்யுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், வெள்ளநீரில் நடந்ததையும் நாயின் நோயையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.