ஆர்.பி.எம். மீற்றர்: இந்த முறை வந்த கேள்விகள்

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் மீற்றரை நாமே செய்ய 555 ஐ.சி. போதுமா, எல்.எம். 2917 ஐ.சி. தான் வேண்டுமா? (கிளிநொச்சி)

எதுவும் சரி. 2917 இன் உள்ளுக்கே சீனர் (வோல்ட்டை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாத டயோட்) இருக்கிறது, 470 ஓம் ஊடாகக் கரண்ட் கொடுத்தால் போதும். 555 என்றால் 8 வோல்ட் ரெகுலேற்றர் கட்டாயம். 12 வோல்ட் பற்றரி, கார் ஓடும்போது 14 காட்டும். ஒரு அம்பியர் பியூஸ் போடுங்கள்.

ஊசி பிழையாகக் காட்டுகிறது. ஏன்? (புதுக்குடியிருப்பு)

எத்தனை சிலிண்டர்? அதை எழுதவே இல்லை. போன முறையும் இரண்டு பேர் இப்படித்தான். டொக்டரிடம் போய் "வருத்தம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்கிற கதை.

மீற்றர் எண்ணுவது கொயிலில் (பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுப்பது) வரும் துடிப்பை. டிஸ்ரிபியூட்டர் (அந்த வோல்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்வது) வைத்த நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் செக்கனுக்கு 200 துடிப்பு. மூன்று சிலிண்டர் மாருதி 800 இல் ஒன்றரைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் மொரிஸ் மைனரில் சரிபார்த்த மீற்றரை அப்படியே மாருதியில் பூட்டினார். 3000 இல் ஓடுகிற எஞ்சின் 2250 காட்டியது. மனிதர் மூன்று நாள் காபரேற்றரைத் திருகினார்!

காதால் கேட்டு மீற்றரைச் சரிபண்ணுவதையும் விடுங்கள். 9 வோல்ட் டிரான்ஸ்போமரை வீட்டு மின்சாரத்தில் கொழுவி, ஒரே ஒரு டயோட் ஊடாக மீற்றருக்குக் கொடுங்கள். செக்கனுக்கு 50 துடிப்பு வரும்: மீற்றர் நாலு சிலிண்டருக்கு 1500, மூன்றுக்கு 2000 காட்டவேண்டும். பிரிட்ஜ் (நாலு டயோட்) போட்டால் 100 ஆகிவிடும், கவனம். ஜெனரேற்றர் கரண்ட் வேண்டாம். லோட் இல்லாமல் அது 52க்கும் ஓடும்.

காலையில் சரி, மத்தியானம் கூடுகிறது. (மல்லாவி)

மண்ணிறத் தட்டு மாதிரி செராமிக் கெப்பாசிற்றர் போட்டிருப்பீர்கள். நம்முடைய வெயிலில் டாஷ்போட் கொதிக்கும், அதன் அளவும் மாறும். பச்சை நிறப் பொலியெஸ்ரர் போடுங்கள்.

கொயிலில் எந்த வயர்? (முள்ளியவளை)

பொயின்ற் (டிஸ்ரிபியூட்டர் உள்ளே இருக்கும் சுவிட்ச்) வயர் வரும் மெல்லிய முனை. அங்கேயே 300 வோல்ட் அளவில் பாயும், 22 கே றெசிஸ்ரரும் 12 வோல்ட் சீனரும் இல்லாமல் ஐ.சி.யிடம் விடாதீர்கள். தடித்த வயர்ப் பக்கம் கையே போகக்கூடாது. பழைய மொரிஸ் என்றால் பொசிற்றிவ் ஏர்த்தா (பற்றரியின் பொசிற்றிவ் முனை கார் பொடியில் கொழுவியதா) என்று முதலில் பாருங்கள். பியூஸ், மறந்துவிடாதீர்கள்.

டீசல் வானுக்கு? (மாங்குளம்)

பிளக்கும் இல்லை, கொயிலும் இல்லை, எங்கே கொழுவப் போகிறீர்கள்? ஓல்ற்றனேற்றரில் (பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது) டபிள்யூ (W) முனை இருந்தால் அதில் எடுங்கள். பெல்ற் ஓடும் சில்லின் (pulley) அளவைப் பொறுத்து எண்ணிக்கை மாறும், அடுத்த கடிதத்தில் எஞ்சின், ஓல்ற்றனேற்றர் இரண்டின் சில்லு விட்டத்தையும் எழுதுங்கள்.