கையேட்டில் எழுதாமல் விட்ட அலகு

கேள்வி: பொருள்களை எடுத்து அடுக்கும் ரோபோ கை ஒன்றை, தானே முடிவெடுத்து மென்பொருள் கருவிகளை அழைக்கும் ஏஐ ஏஜென்ட் மூலம் இயக்கிப் பார்த்து வருகிறோம். 'கையை நகர்த்து', 'கிரிப்பரை (பொருளைப் பற்றும் பிடியை) மூடு' போன்ற மென்பொருள் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஏஜென்ட் சில வேளைகளில் பொருத்தமற்ற இடத்துக்குக் கையை அனுப்பப் பார்க்கிறது. விளக்கத்தில் என்ன குறை இருக்கக்கூடும்?
— மென்பொருள் பொறியாளரான வாசகி ஒருவர்

பதில்: அந்த ஒரு வரியைப் படிப்பவர் யார் என்பதில்தான் குறை தொடங்குகிறது. அனுபவமுள்ள பொறியாளர் எந்த நிறுவனத்தின் ரோபோ, மேசை எங்கே இருக்கிறது, முனையில் எந்தக் கருவி மாட்டியிருக்கிறது என்பதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டே எண்களை இடுகிறார். ஏஜென்ட்டுக்குக் கிடைப்பவை மென்பொருள் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வரையறை ஆகியவை மட்டுமே. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ மென்பொருளை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் இவற்றைக் கொண்டுதான் ஏஜென்ட் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்டதை அது ஊகித்து நிரப்பிக்கொள்ளும்.

முதலில் அலகை எழுதுங்கள். யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனக் கைகளின் நிரல்மொழி தூரத்தை மீட்டரிலும் கோணத்தை ரேடியனிலும் (ஒரு ரேடியன் ஏறத்தாழ 57 பாகை) கேட்கிறது. ஏபிபி நிறுவனத்தின் ராபிட் மொழி தூரத்தை மில்லிமீட்டரில் கேட்கிறது. மேசையின் மூலையைத் தொடக்கப்புள்ளியாக வைத்து, மேசைக்கு 40 செ.மீ. மேலே கையை நிறுத்த நினைத்த ஏஜென்ட் 0.4 என்று ராபிட் நிரலுக்கு அனுப்பினால், கையின் முனை மேசைப் பரப்பிலிருந்து 0.4 மி.மீ. உயரத்துக்கு இறங்கப் பார்க்கும். எண்ணில் பிழையே இல்லை, அலகுதான் சொல்லப்படவில்லை. திசையைக் குறிக்கும் குவாட்டர்னியனின் நான்கு எண்களிலும் இதே சிக்கல் உண்டு: ரோபோக்களுக்கான ரோஸ் மென்பொருளில் அவற்றில் ஒன்றான டபிள்யூ கடைசியில் வரும், ராபிட்டில் முதலில் வரும். ஆகவே வரிசையையும், எந்தத் தொடக்கப்புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது என்பதையும் ஒவ்வொரு கருவியின் விளக்கத்திலும் திரும்பத் திரும்ப எழுதுங்கள். 'மேலே கூறியபடி' என்று விட்டுவிடாதீர்கள், ஏனெனில் ஏஜென்ட் அந்த 'மேலே'யைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. யுனிவர்சல் ரோபாட்ஸில் கையை நகர்த்தும் மூவ்ஜே கட்டளையில் அடைப்புக்குறிக்கு முன்னால் 'பி' என்ற எழுத்தை இட்டால் ஆறு எண்களும் முனையின் இடமாகவும் திசையாகவும் கொள்ளப்படும்; அதை விட்டுவிட்டால் அதே ஆறு எண்கள் ஆறு மூட்டுகளின் கோணங்களாகிவிடும். 0.3 மீட்டர் என்று நினைத்தது 0.3 ரேடியனாகி, அடிமூட்டு ஏறத்தாழ 17 பாகைக்குத் திரும்பும். பிழைச் செய்தி வராமலேகூடப் போகலாம். இத்தகைய இடத்தில் விளக்கத்தை நீட்டுவதைவிட, 'முனையை இடத்துக்கு நகர்த்து', 'மூட்டுகளைக் கோணத்துக்குத் திருப்பு' என்று கருவியையே இரண்டாகப் பிரித்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

அடுத்து, கருவி திருப்பித் தரும் விடை. 'தோல்வி' என்ற ஒற்றைச் சொல்லைக் கண்டதும் ஏஜென்ட் அதே கட்டளையை மீண்டும் அனுப்பக்கூடும். '50 மி.மீ. முன்னால் போ' என்ற கட்டளை நிறைவேறிய பிறகு பதில் வரத் தாமதமானால், இரண்டாம் முறையில் கை மொத்தம் 100 மி.மீ. போயிருக்கும். எனவே, இயக்கம் முடிந்த பின் விடை வருமா, கட்டளையை ஏற்றவுடனே வருமா, மறுபடி அழைத்தால் என்ன ஆகும் என்பனவற்றை எழுதுங்கள். பிழைச் செய்தியும், 'இலக்கு எட்டும் தூரத்துக்கு வெளியே உள்ளது, கை நகரவில்லை, கிரிப்பரில் பொருள் இருக்கிறது' என்று தற்போதைய நிலையைச் சொல்வதாக இருக்கட்டும்.

கேள்வி: 'அருகில் ஆள் இருந்தால் இயக்காதே' என்று விளக்கத்தில் எழுதிவிட்டால் பாதுகாப்புக்குப் போதுமா?

பதில்: போதாது. அந்த வரி ஏஜென்ட்டின் நடத்தையை வழிப்படுத்தலாமே தவிர, கையை நிறுத்தாது. எம்சிபியில் 'இது படிக்க மட்டும்', 'இது அழிக்கக்கூடியது' என்று கருவிகளுக்கு இடும் அடையாளங்களும் குறிப்புகளே, உறுதிமொழிகள் அல்ல. தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 10218 தரநிலையின்படி, வேகம் குறைத்த கைமுறை இயக்கத்தில் முனை நொடிக்கு 250 மி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பைக் காப்பது ரோபோவின் கட்டுப்பாட்டகம். வேலி, ஆள் குறுக்கிட்டால் இயக்கத்தை நிறுத்தும் ஒளித்திரை, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவை ஏஜென்ட்டால் மாற்ற முடியாத இடத்திலேயே இருக்க வேண்டும். விளக்கத்தில் எழுத வேண்டியது, அந்த வரம்புகள் எவை, அவற்றால் இயக்கம் நின்றுபோனால் மனிதர் வந்து சரிபார்க்கும்வரை மறுமுயற்சி கூடாது என்பதுதான்.

கேள்வி: இந்த விளக்கங்களைத் தமிழில் எழுதலாமா?

பதில்: ஏஜென்ட் தமிழைப் புரிந்துகொள்ளும். ஆயினும் உள்ளீடுகளின் பெயர்களையும் பிழை எண்களையும், ரோபோவை இயக்கும் கையடக்கப் பலகையான டீச் பென்டன்ட்டின் திரையில் தெரிகிறபடியே விட்டுவைத்து, விளக்க வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். இரவு ஷிப்டில் கை நின்றுபோனால், திரையில் உள்ள எண்ணையும் உங்கள் வரியையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போவது அங்கே நிற்கும் ஆபரேட்டர்தான்.