பக்கத்து வீட்டுச் சிறுமியை நாங்கள் வளர்க்கலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஒன்பது வயது. தாய் இல்லை. அப்பா குடித்துவிட்டு அடிப்பார். போன வாரம் கையில் சூடு வைத்திருக்கிறார். பல ராத்திரிகள் எங்கள் வீட்டில்தான் படுக்கிறாள். "நீங்களே வளர்த்துக்கோங்க" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியும் தந்துவிட்டார். நாங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. இந்தப் பத்திரம் போதுமா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: போதாது, சகோதரி. நோட்டரி முத்திரை இருந்தாலும் அது உங்களுக்கு எந்த உரிமையும் தராது. நாளைக்கே அவர் மனம் மாறி, பெண்ணைக் கடத்திவிட்டதாகப் புகார் கொடுக்கலாம். ஆனாலும் பத்திரத்தைக் கிழிக்காதீர்கள். வளர்க்க அவருக்கு மனமில்லை என்பதற்கு அது சான்று. அவர் கேட்டாலும் பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குழந்தையை விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும். அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

நீங்கள் போகவேண்டிய இடம், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் உங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 31-ன்படி அக்கறையுள்ள யாரும் குழந்தையை அதன் முன் நிறுத்தலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நிறுத்தவேண்டும். அதற்கு முன்பே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசித் தகவலைப் பதிவு செய்துவிடுங்கள். குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினர் முன் நிறுத்தினாலும் போதும்.

சூட்டுக் காயம் ஆறுவதற்குள் அரசு மருத்துவமனையில் காட்டி, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். காயம் எந்த இடத்தில், என்ன அளவில், எத்தனை நாள் பழையது என்பதெல்லாம் அதில் வரவேண்டும். ஆறிய பிறகு "அடுப்பில் பட்டது" என்று அப்பா சொன்னால் மறுக்க வேறு வழி இருக்காது. சிறுமி சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நாலு பேர் நாலு தடவை கேட்டால் அவள் பேச்சு சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். படமோ வீடியோவோ வாட்ஸ்அப்பில் போகவே கூடாது. பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் போலீசில் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம்.

குழுவுக்குத் தரும் மனுவில்தான் பலர் சறுக்குகிறார்கள். "எங்களுக்குப் பெண் குழந்தை இல்லை, எங்களிடமே கொடுங்கள்" என்று எழுதினால், காப்பாற்ற வந்தவர்களா, பிள்ளை தேடி வந்தவர்களா என்ற சந்தேகம் எழும். அது நியாயமான சந்தேகமும்கூட. சிறுமிக்கு நேர்ந்ததை முதலில் எழுதுங்கள்; பிறகு, விசாரணை முடியும்வரை பிரிவு 52-ன் கீழ் எங்களைத் 'தகுதியான நபர்' என்று ஏற்று எங்கள் பொறுப்பில் விடுங்கள் என்று கேளுங்கள். ஆதார், வருமானச் சான்று, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருடைய சம்மதமும் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். சமூக விசாரணை 15 நாளில் முடியவேண்டும், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள். நீண்ட காலத்துக்கு வளர்க்க பிரிவு 44-ல் வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழி உண்டு. ஆனால் அது தத்து ஆகாது. பாட்டியோ மாமாவோ முன்வந்தால், அவர்கள் வீடு பாதுகாப்பானதா என்று குழு விசாரிக்கும். அந்த விசாரணைக்கு நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள்.

கேள்வி: குழுவை விட்டுவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனால் என்ன?

பதில்: போகலாம். 1890-ம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம், பிரிவு 8, உறவினருக்கு மட்டுமல்லாமல் நண்பருக்கும் மனுப்போட இடம் தருகிறது. இடைஞ்சல் பிரிவு 19-ல்: தந்தை உயிரோடு இருக்கையில், அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதினால்தான் வேறொருவரை நியமிக்க முடியும். வெறும் வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. ஏ.ஆர். நகலும் குழுவின் உத்தரவும் இருந்தால் வழக்கு நிற்கும். அதனால்தான் குழுவை முதலில் சொல்கிறோம்.

கேள்வி: குழு அவளைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டால்?

பதில்: காப்பகத்தில் பார்க்க அனுமதி கேட்டுக் குழுவிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். உத்தரவின் நகலை உடனே வாங்குங்கள். குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம்.