கைப்பேசி சொன்ன ஐந்து மதிப்பெண்

கேள்வி: எனக்கு வயது 42. முக்கூடலில் வளர்ந்தவள். சிறுவயதுத் துன்பங்களைக் கணக்கிடும் பத்துக் கேள்விகளுக்குக் கைப்பேசியில் பதில் சொன்னபோது எனக்கு ஐந்து வந்தது. அதே வீட்டில் வளர்ந்த தங்கைக்கு இரண்டுதான். யார் சொன்னது தவறு, டாக்டர்? ஐந்து வந்தால் இதய நோய் வருமாமே?

பதில்: சகோதரி, இருவர் சொன்னதும் தவறில்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தவை அந்தக் கேள்விகள். முதலில் ஏழு வகைத் துன்பங்களே இருந்தன, பிறகு பத்தாயின. 9,508 பேரின் பதில்களைத் தொகுத்தபோது, நான்கு வகையோ அதற்கு மேலோ கண்டவர்களிடையே இதய நோயும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன. அது பெருந்திரளைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒருவரின் இதயத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இந்த எண்ணைத் தனியொருவருக்கு நோய் கணிக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020இல் ஆண்டாவே எழுதினார்.

ஒவ்வொரு துன்பத்துக்கும் ஒரே மதிப்பெண் என்பதால், எந்த வயதில் நேர்ந்தது, எத்தனை ஆண்டுகள் நீடித்தது, அழுதபோது மடியில் போட்டுக்கொள்ள ஓர் ஆச்சி இருந்தாரா என்பவை அந்த எண்ணில் ஏறுவதேயில்லை. என்னை அதைவிட உறுத்துவது, அந்தப் பத்தில் இடம்பெறாதவைதான். பள்ளி விட்டு வந்ததும் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிய பிள்ளைக்கும், கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்ட மாணவனுக்கும் அங்கே பூஜ்யம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் சக மாணவர் செய்யும் கொடுமையையும் தெரு வன்முறையையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் வறுமையைத் தனித் துன்பமாக எண்ணுவதா, மற்றத் துன்பங்கள் முளைக்கும் நிலமாகக் கருதுவதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் உடன்பாடில்லை.

இனி உங்கள் தங்கை. குழந்தைப் பருவத்திலேயே பதிவான துன்பங்களையும், வளர்ந்தபின் அதே மனிதர்கள் நினைவிலிருந்து சொன்னவற்றையும் 2019இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்பு துன்பம் பதிவானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. அவர்கள் பொய்யர்கள் அல்லர். மேலும், மூத்தவள் கதவருகே நின்று கேட்ட சண்டையின்போது இளையவள் தூங்கியிருக்கலாம். ஒரே வீடு இரு பிள்ளைகளுக்கும் ஒரே வீடாக இருப்பதில்லை.

இதயத்துக்காக நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றும்தான். பழைய நினைவுகள் இன்றும் உறக்கத்தைக் கெடுத்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். அங்கே மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டியதில்லை; நடந்ததைச் சொன்னால் போதும்.